ஒளிரும் தூளை வைத்துச் சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற ஒரு தங்கச்சி கேட்டது இது: "அண்ணே, சிறுநீர்ல ஒரு தூளைப் போட்டு ஊதா டார்ச் அடிச்சா கிட்னி கெட்டிருக்கா இல்லையான்னு வெளிச்சமே காட்டிக் குடுத்துரும்னு பேப்பர்ல படிச்சேன். நெசமா? நெசம்னா எப்ப எங்க பைக்கு வரும்? எங்க ஊர்ல ரொம்ப வருசமா சர்க்கரை உள்ளவங்க நிறைய. டெஸ்ட்டுக்கு ராமநாதபுரம் போங்கன்னா ஒரு நாள் தொழில் போயிரும்னு போக மாட்டேங்கிறாங்க. இது வந்தா எவ்வளவு நல்லாருக்கும்?" கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார். அவருடைய அண்ணன் மகள் வேதியியல் முதுகலை படிக்கிறாள். இதில் ஆய்வு செய்யலாமா என்று.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தூள் உண்மை. அது ஒளிர்வதும், சில மூலக்கூறுகள் பட்டால் அந்த ஒளி கூடுவதும் குறைவதும் உண்மை. ஆனால் நீங்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஐயா, உங்க சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருக்கு" என்று தைரியமாகச் சொல்லும் அளவுக்கு நம்பத்தக்க சோதனைப் பட்டை அந்தத் தூளில் இன்னும் வரவில்லை. அது வரட்டும் என்று யாரையும் காத்திருக்க விடாதீர்கள். ஏன் வரவில்லை என்பதை விரிவாகவே எழுதுகிறேன். அது புரிந்துவிட்டால் இனி இப்படி எந்தச் செய்தி வந்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தூளின் பெயர் உலோக-கரிமச் சட்டகம். ஆய்வகங்களில் எம்.ஓ.எஃப் என்றுதான் சொல்வோம். உலோக அணுக்கள் முடிச்சுகளாக நிற்கும். கரிம மூலக்கூறுகள் ஒரு முடிச்சையும் அடுத்த முடிச்சையும் இணைக்கும். இப்படியே அடுக்கடுக்காக வளர்ந்த படிகத்துக்குள் ஒரே அளவிலான வெற்றறைகளும், அவற்றுக்கு ஒரே அளவிலான வாசல்களும் இருக்கும். இந்தத் துறையை உருவாக்கியதற்காகத்தான் 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நம் பத்திரிகைகளிலும் இது அடிக்கடி வருகிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான யூ.ஐ.ஓ-66 என்ற சர்க்கோனியம் சட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தூளின் உட்பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைத் தூளுக்குள் 25 சென்ட் நிலம். தேடுகிற மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம் இருப்பதால்தான் இதில் எல்லோருக்கும் ஆசை.

ஒளி எங்கிருந்து வருகிறது? பல வழிகள் உண்டு. நான் அதிகம் நம்புவது யூரோப்பியம், டெர்பியம் ஆகிய இரண்டு அருமண் உலோகங்களைத்தான். யூரோப்பியம் 615 நானோமீட்டர் அருகே சிவப்பாகவும், டெர்பியம் 545 அருகே பச்சையாகவும் ஒளிரும். இவை தாமாக ஊதாக்கதிரை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். சட்டகத்தில் உள்ள கரிம மூலக்கூறு கதிரை வாங்கி உலோகத்துக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். ஆண்டெனா விளைவு என்று இதைச் சொல்வார்கள். கைமாற்றம் நன்றாக நடந்தால் பளிச்சென்று ஒளிரும். நடுவில் யாராவது தட்டிப் பறித்தால் மங்கும். அந்த மங்கலையோ கூடுதலையோ அளப்பதுதான் உணரியின் வேலை.

இந்த உலோகங்களுக்கு இன்னொரு பெரிய குணம் உண்டு. நலமாக இருப்பவரின் சிறுநீரே ஊதா விளக்கில் மங்கிய நீலமாக மினுங்கும். அதற்குள் நம் தூளின் ஒளியை எப்படிப் பிரித்தெடுப்பது? சிறுநீரின் மினுக்கம் சில நானோவிநாடிகளில் அணைந்துவிடும். யூரோப்பியத்தின் ஒளியோ ஒரு மில்லிவிநாடி அளவுக்கு நீடிக்கும். அதாவது லட்சம் மடங்கு தாமதமாக அணையும். விளக்கை ஒருமுறை மின்னவிட்டு, சற்றே பொறுத்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கும் கருவியிடம் சிறுநீரின் மினுக்கம் வந்து சேரவே சேராது. இது கற்பனை இல்லை. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1980களில் யூரோப்பியத்தை வைத்து உருவான டெல்ஃபியா சோதனைமுறை, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் தைராய்டு குறையைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் பயன்பட்டுவருகிறது. அதில் நுண்துளைச் சட்டகம் கிடையாது. யூரோப்பியச் சேர்மமும், தேடுகிற பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதமும்தான். ஆக, ஒளியை அளந்து நோயறிவது பழகிய வேலைதான். துளையுள்ள தூளைக் கொண்டு அதைச் செய்வதுதான் இன்னும் பழகாதது.

இதை நீங்கள் கையாலேயே பார்க்கலாம். பெரிய கடைகளில் டானிக் வாட்டர் என்று கசப்பான சோடா விற்கிறார்கள். அதில் குயினைன் இருக்கிறது. நான்கு கண்ணாடி டம்ளர்களில் ஒரே அளவு ஊற்றி, இருட்டறையில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடியுங்கள் (கண்ணில் நேராகப் படாமல்). நான்கும் நீலமாக ஒளிரும். முதல் டம்ளரை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். நுரை அடங்கிய பிறகு பார்த்தால் ஒளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மூன்றாவதில் ஒரு கரண்டி வாலிநோக்கம் உப்பைப் போடுங்கள். பொங்கி நுரைத்து அடங்கும்போது நீலம் கரைந்துபோயிருக்கும். உப்பில் உள்ள குளோரைடு, ஒளிரத் தயாராக நிற்கும் குயினைனிடமிருந்து ஆற்றலைப் பறித்துக்கொள்கிறது. உப்பு கூடக் கூட ஒளி எந்தக் கணக்கில் குறையும் என்பதற்கு 1919 முதலே சமன்பாடு இருக்கிறது. ஸ்டெர்ன்-வோல்மர் சமன்பாடு என்பார்கள். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைச் சந்தேகிப்பார்கள். இப்படி நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளை நோய்க்குறிப்பான் என்போம். ஆகவே அந்த மூன்றாவது டம்ளரே ஒரு நோய்க்குறிப்பான் உணரியின் முதல் படி.

இப்போது நான்காவது டம்ளருக்கு வாருங்கள். அதில் கொஞ்சம் கடுஞ்சாயா ஊற்றுங்கள். அதிலும் ஒளி குறையும். ஆனால் அங்கே குயினைனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. டார்ச்சின் ஊதாக்கதிரை வழியிலேயே சாயா விழுங்கிவிட்டது. குயினைனுக்குக் கதிர் போய்ச் சேரவில்லை. மங்கியது என்னவோ இரண்டும்தான். வெறும் கண்ணால் பார்க்கிறவருக்கு எது உப்பு, எது சாயா என்று தெரியாது.

நீங்கள் படித்த செய்திக்கும் உங்கள் பைக்கும் நடுவே நிற்கிற பெரிய தடை இந்த நான்காவது டம்ளர்தான். "இந்தத் தூள் யூரிக் அமிலத்தைக் கண்டுபிடிக்கிறது" என்று ஓர் ஆய்வுக்கட்டுரை சொல்லும். யூரிக் அமிலம் 290 நானோமீட்டர் அருகே ஊதாக்கதிரை நன்றாக உறிஞ்சும் பொருள். தூளைத் தூண்டுவதற்கும் அதே இடத்துக் கதிரைப் பயன்படுத்தியிருந்தால், யூரிக் அமிலம் துளைக்குள் நுழையவே தேவையில்லை. வெளியே மிதந்தபடியே கதிரை மறித்து ஒளியைக் குறைத்துவிடும். அந்தக் கதிரை உறிஞ்சுகிற எந்த மாத்திரை, எந்த வைட்டமின், எந்த நிறப்பொருள் சிறுநீரில் இருந்தாலும் அதே விளைவுதான். துளையின் பெருமையைப் பேசிவிட்டுத் துளையே பங்கெடுக்காத அளவீட்டைக் காட்டும் கட்டுரைகள் இந்தத் துறையில் நிறைய இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நோயாளியின் பெயரைச் சொல்லித்தான் அந்த ஆய்வுகள் நடக்கின்றன.

அடுத்த சிக்கல் பாஸ்பேட். சிறுநீரில் பாஸ்பேட் தாராளமாக இருக்கும். சர்க்கோனியம், யூரோப்பியம், டெர்பியம் மூன்றுக்குமே பாஸ்பேட் என்றால் கொள்ளை ஆசை. சட்டகத்தின் கரிம இணைப்புகளை விட்டுவிட்டு அதனிடம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சட்டகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். ஆண்டெனா கழன்றுவிட்டால் ஒளியும் போய்விடும். பார்ப்பவர் "நோய்க்குறிப்பான் கிடைத்தது" என்று எழுதிக்கொள்வார். நடந்தது தூளின் சிதைவு. வெறும் தண்ணீரில் பிரமாதமாக வேலை செய்த உணரி சிறுநீரில் விழுந்ததும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எம்.ஓ.எஃப்-5 என்று 1999இல் வந்த புகழ்பெற்ற சட்டகம் இன்னும் மோசம். காற்றில் உள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும். மண்டபம் கடற்கரைக் காற்றில் மூடியைத் திறந்து வைத்தால் அது தாங்காது. யூ.ஐ.ஓ-66 தண்ணீரைத் தாங்கும் என்பதால்தான் பலரும் அதைத் தேடிப் போகிறார்கள். அதற்கும் பாஸ்பேட் பகைதான்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் 25 டிகிரியில் வரைந்த அளவுக்கோடு, சித்திரை மதியத்தில் உங்கள் ஸ்கூட்டர் பெட்டிக்குள் செல்லாது. யூரோப்பியமும் டெர்பியமும் கலந்த சட்டகத்தில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் விளக்கின் ஏற்ற இறக்கம் பாதிக்காது. நல்ல உத்தி அது. ஆனால் அந்த விகிதமே வெப்பத்துக்குத் தக்க மாறும். அதையே வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று 2012இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே கருவியில் வெப்பத்தை அளந்து திருத்தவும் ஏற்பாடு வேண்டும். கைபேசி கேமராவில் படம் எடுத்தால் போதும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துகொள்ளும். மங்கலாக இருப்பதைப் பளிச்சென்று காட்டுவதுதான் அதன் வேலை. நாம் அளக்க நினைப்பதே அந்த மங்கலை.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன். செய்திகளில் "நானோமோல் அளவைக்கூடக் கண்டுபிடிக்கும்" என்று பெருமையாகப் போடுவார்கள். தசைகளில் உண்டாகிச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிற கழிவான கிரியாட்டினினுக்கு அவ்வளவு நுண்மை தேவையே இல்லை. ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 0.6 முதல் 1.3 மில்லிகிராம் வரை இயல்பாகவே இருக்கிறது; சிறுநீரில் அதைவிடப் பல மடங்கு. இருக்கிறதா இல்லையா என்பது கேள்வி இல்லை. ரத்தத்தில் 1.0க்கும் 1.3க்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. மாக்ஸ் யாஃபே 1886இல் கண்ட பிக்ரிக் அமில வினை இன்றும் பல ஆய்வகங்களில் நடக்கிறது. அதை மாற்ற வருகிற எதுவும் அதைவிட ஒழுங்காக அளக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை ஆரம்பத்திலேயே காட்டுவது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற ரத்தப் புரதம். அதைத் தனியாகப் பார்க்காமல் கிரியாட்டினினால் வகுத்துப் பார்ப்பார்கள். ஏன் என்று நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியும். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்து, தண்ணீர் அதிகம் குடிக்காமல் கரை திரும்பியவரின் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். அல்புமின் இயல்பாக இருந்தாலும் ஒரு லிட்டர் கணக்கில் அதிகமாகத் தெரியும். அதே ஆள் வீட்டில் இருந்து நாலு செம்பு தண்ணீர் குடித்த நாளில் குறைவாகத் தெரியும். கிரியாட்டினினும் கூடவே அடர்ந்து, கூடவே நீர்க்கும் என்பதால் இரண்டையும் வகுத்துவிட்டால் தண்ணீர்க் கணக்கு அடிபட்டுப்போகும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை கவனிக்க வேண்டிய நிலை. அதற்கு மேல் போனால் பாதிப்பு அதிகம். உப்பளத்திலும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நீரிழப்பு திரும்பத் திரும்ப வருவதால் இந்தச் சோதனை அவர்களுக்கும் பொருந்தும்.

இந்த இரண்டையும் ஒரே ஒளிரும் பட்டையில் அளப்பதுதான் எனக்குப் பிடித்த சவால். கிரியாட்டினின் சிறிய மூலக்கூறு, எடை 113. அது நுழையும் அளவுக்கு வாசல் வைத்துச் சட்டகம் செய்யலாம். அல்புமின் எடை ஏறக்குறைய 66,500; யூ.ஐ.ஓ-66இன் வாசல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, அல்புமின் பல நானோமீட்டர் அகலம். ஒருபோதும் உள்ளே போகாது. ஆகவே கிரியாட்டினினுக்குத் துளையைப் பயன்படுத்தி, அல்புமினுக்குத் தூளின் வெளிப்புறத்தில் எதிர்ப்பொருளை ஒட்டிவைத்து, ஒரே பட்டையில் இரண்டு வெவ்வேறு உத்திகளைச் செய்ய வேண்டும். "எம்.ஓ.எஃப் புரதத்தைத் தன் துளையில் பிடிக்கிறது" என்று எங்காவது படித்தால் துளையின் அளவு என்ன, புரதத்தின் அளவு என்ன என்று முதலில் பாருங்கள்.

நன்றாகப் பொருந்துகிற இடங்களும் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடைப்பான் நோய் தரும் பாக்டீரியாவின் வித்துகளில், உலர்ந்த எடையில் 5 முதல் 15 சதவீதம் வரை டைபிக்கோலினிக் அமிலம் இருக்கும். அது டெர்பியத்தையும் யூரோப்பியத்தையும் கண்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானே ஆண்டெனாவாகிவிடும். ஒளி அணைவதற்குப் பதிலாக எரியத் தொடங்கும். சாயாவால் ஒளியை மறைக்க முடியும்; இல்லாத ஒளியை உண்டாக்க முடியாது. அதனால் ஒளி எழும்பும் உணரியை நான் எப்போதும் ஒரு படி மேலே வைப்பேன்.

நம் கரைக்கு இது முதலில் மீன் வழியாக வரும் என்பது என் எண்ணம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரநிலை கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. ஹிஸ்டமின் சிறிய மூலக்கூறு, துளைக்குள் போகும். தவறினால் ஒரு கூடை மீன் வீணாகும். ஒரு மனிதருக்குத் தவறான நோய்ப்பெயர் ஒட்டாது. மீனில் பழகிவிட்டு மனிதருக்கு வருவதுதான் பாதுகாப்பு.

அண்ணன் மகளிடம் சொல்லுங்கள்: தாராளமாகச் செய்யட்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் புதிதாக இன்னொரு தூள் செய்து, தண்ணீரில் போட்டு, ஒளி குறைகிறது என்று வரைபடம் போடுவதோடு நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல தூளை எடுத்து, முறையான அனுமதி பெற்றுப் பலருடைய சிறுநீரில் சோதிக்கட்டும். ஒளி குறைந்தால் கரைசல் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து கழிக்கட்டும். அளந்து முடித்த தூளைக் கழுவி, எக்ஸ்கதிர் விளிம்பு விளைவில் படிகம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு அதே மாதிரிகளை மருத்துவமனை ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடட்டும். அந்த ஒப்பீட்டு வரைபடம் ஒன்று இருந்தாலே அவளுடைய ஆய்வேடு பல பளபளப்பான கட்டுரைகளைவிடக் கனமாக இருக்கும்.

உங்களுக்கு, இன்றைக்கு: உங்கள் பட்டியலில் உள்ள சர்க்கரைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும், ரத்தக் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சாதாரணப் புரதப் பட்டை மஞ்சளாகவே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்; ஆரம்பக் கசிவை அது காட்டாது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே நல்லது. காய்ச்சல் அடிக்கும் நாளிலும், கடலில் கடுமையாக உழைத்துத் திரும்பிய அன்றும் எடுக்க வேண்டாம். அன்று அல்புமின் தற்காலிகமாகக் கூடும். ஒருமுறை அதிகமாக வந்தால் பயமுறுத்தாமல், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் மாதிரிக்கு ஆள் நேரில் வர வேண்டும் என்பதில்லை. சுத்தமான டப்பாவில் பெயர் எழுதி, அன்று காலையே யாராவது ஒருவர் நாலைந்து பேருடையதைச் சேர்த்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆய்வகம் ஒப்புக்கொள்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால், சிறுநீர்ச் சோதனைக்காகவாவது அவர்கள் ஒரு நாள் தொழிலை விட வேண்டியிருக்காது.